தானியத்துக்குச் சாவு சொல்லாத வீடு

டிசம்பரில் எங்கள் பக்கத்துச் சூரியன் அரசாங்க உத்தியோகஸ்தனைப் போல. பத்து மணிக்கு மேல் வரும், இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிடும். ஹெக்வோல் பண்ணை வாசலில் நான் வேனை நிறுத்தியபோது மணி மூன்றுதான். ஆனாலும் வீடு, மாட்டுக்கொட்டகை, களஞ்சியம் எல்லாமே இருட்டுக்குள் ஒடுங்கிவிட்டிருந்தன. ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை.

கேட்டைத் திறந்துவிட்டவள் பக்கத்துப் பண்ணை மால்ஃப்ரித் அக்கா. டிரோன்ட்ஹெய்ம் நகரத்தில் தானியக் கடை வைத்திருக்கும் என்னைப் போன் போட்டு வரவழைத்ததும் அவள்தான்.

"வந்துட்டியா ஒட்வார். தானியத்த விலை பேச வந்தேன்னு சொல்லு. பாக்க வந்தேன்னு சொன்னா உன் மச்சினன் கதவச் சாத்திடுவான்."

"விலை பேசத்தான் வந்திருக்கேன்க்கா."

"உங்க குடும்பம் பொணத்துக்கிட்டயும் விலை பேசும்."

"பேசாது. பொணம் எதிர்ப்பேச்சு பேசாது, அதுல சுவாரசியம் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு வேன் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேளு அவன்கிட்ட. உன் தங்கச்சி போனப்ப பத்தாயத்துக்குச் சாவு சொன்னானான்னு கேளு."

அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம் அது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சவப்பெட்டி வாசலைத் தாண்டுவதற்குள் அந்த வீட்டு ஆள் ஒருவர் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். மரத்துடுப்பால் பத்தாயத்தை மூன்று முறை தட்டி, இன்னார் செத்துவிட்டார் என்று தானியத்திடம் பெயரோடு சொல்ல வேண்டும். பிறகு அடித் தானியம் மேலே வரும்படி புரட்டிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் செத்தவர் இன்னும் இருப்பதாகவே தானியம் நினைத்துக்கொண்டிருக்குமாம். சந்தையில் பிறந்த எனக்கு அது வேடிக்கை. எங்கள் வீட்டில் தானியத்திடம் யாரும் பேசியதில்லை. தானியத்தைப் பற்றிப் பொய் பேசியதோடு சரி.

தூரித் என் ஒரே தங்கை. அப்பாவின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேரும் வளர்ந்தோம். என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு மணியைக் கடித்தே எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். இருபது வருடத்துக்கு முன்னால் ஹெக்வோல் சீவெர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

இங்கே ஒவ்வொரு பண்ணையும் தன் பீரைத் தானே காய்ச்சும், அதற்கான மால்ட்டையும் தானே செய்யும். ஆகஸ்டில் என் கடையிலிருந்து அவளுக்கு நாலு மூட்டை பார்லி போகும். அதை ஊற வைத்து, முளைகட்டி, ஆல்டர் விறகுப் புகையில் காய வைப்பாள். அக்டோபரில் இருநூறு கிலோ மால்ட் பத்தாயத்துக்குள் போய்விடும். கிறிஸ்துமஸ், கல்யாணம், சாவு என்று ஒரு வருடத்துப் பீர் அதிலிருந்துதான். மால்ட் செய்யத் தெரிந்தவர்கள் பள்ளத்தாக்கில் பத்துப் பேர் உண்டு. வைத்திருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சூடாக இருக்கும்போது கொட்டக் கூடாது, வியர்த்துவிடும். காய்ந்த முளைவேரை ஒன்றுவிடாமல் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும், அது ஈரத்தை இழுக்கும். கருவாடு, தார், மண்ணெண்ணெய் எதுவும் அந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது. "மால்ட்டு பக்கத்துல இருக்கறத எல்லாம் குடிச்சுக்கும்ண்ணே" என்பாள்.

இந்த அக்டோபரில் கடைசிக் கூடையைத் தூக்கிக்கொண்டு களஞ்சியப் படி ஏறும்போது அவள் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. நாற்பத்து நாலு வயது. கூடையைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் சாய்ந்து செத்தாள். வியாபாரி வீட்டுப் பெண், சரக்கைச் சிந்தமாட்டாள்.

அவள் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு சீவெர்ட் சாவுப் பீர் காய்ச்சாமல் காப்பி கொடுத்து அனுப்பினான். பள்ளத்தாக்கிலேயே நல்ல மால்ட் செய்தவள் காப்பியோடு மண்ணுக்குப் போனாள் என்று ஊர் இன்னும் முணுமுணுக்கிறது. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் நான் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வியாபாரி ஜாதிக்கு அழத் தெரியாது. துக்கம் முட்டினால் எதையாவது விலை கேட்போம். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

சீவெர்ட் சமையலறையில், களஞ்சியத்தைப் பார்த்த ஜன்னலோரம் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள், கோட்டுக்குள் பாதியாகியிருந்தான்.

"வாங்க மச்சான்."

"என்ன மாப்ளே, லைட்டு போடக் கூடாதா? வவ்வால் குடியிருக்கற மாதிரி இருக்கு."

"போட்டா கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியும். வெளிய தெரியாது."

"உன் மூஞ்சிக்கு அதுவும் சரிதான்." நான் அடுப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "கிறிஸ்துமஸுக்கு மூணு வாரம்கூட இல்ல. இன்னும் பீர் காய்ச்சலயாமே."

"இந்த வருஷம் இல்ல."

"அப்ப மால்ட்ட எனக்குக் குடு. ஃபியோர்டுக் கடல்லேர்ந்து வர்ற ஈரக்காத்து பொல்லாதது. நமத்துப்போச்சுன்னா கோழிகூடத் தொடாது."

"நமக்கல."

"பாத்தியா?"

"பாக்கல. தெரியும்."

"அக்டோபர்ல மூடி வெச்ச மால்ட்டு, அம்பது நாளா யாரும் தொடல, நமக்கலங்கற. என்கிட்டயே சரக்கு விக்கறியா?"

சீவெர்ட் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாலு மணி ஆகட்டும் மச்சான்" என்றான் மெதுவாக.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவன் கையை உயர்த்தினான். காத்திருந்தோம். அடுப்பில் ஒரு கட்டை சரிந்து அடங்கியது. கூரையிலிருந்து பனி ஒரு கொத்து நழுவி, மெத்தென்று விழுந்தது. சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

முதலில் காற்று என்று நினைத்தேன்.

சரக்.

கொஞ்சம் இடைவெளி.

சரக்.

தானியத்துக்குள் மரத்துடுப்பு இறங்கிப் புரட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் நான், தூக்கத்தில் கேட்டாலும் தப்பாது. களஞ்சியத்திலிருந்து வந்தது. இருட்டில் சீவெர்ட்டின் முகம் தெரியவில்லை, ஆனால் அவன் மூச்சு மாறியது தெரிந்தது. வெளியூர் போனவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் ஒரு புருஷன் எப்படி மூச்சு விடுவானோ, அப்படி.

"கேக்குதா மச்சான்?"

"எவனோ மால்ட்டத் திருடறான்" என்று எழுந்தேன்.

"போகாதீங்க."

நான் போனேன். சரக்கைத் திருடும்போது எந்த வியாபாரி உட்கார்ந்திருப்பான்?

எலி ஏறாமல் இருக்க எங்கள் களஞ்சியங்கள் கல்தூண்களின் மேல் நிற்கும். படிக்கட்டும் சுவரை ஒட்டாமல் ஒரு எட்டுத் தள்ளியே இருக்கும். அந்தப் படிகளில் பனி ஒரு முழம் கிடந்தது. என் கால்தான் முதலில் அதைக் கலைத்தது. கதவுத் தாழ்ப்பாள் பனிக்கட்டி பிடித்து இறுகியிருந்தது. முஷ்டியால் குத்தித் திறந்தேன்.

சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே வறுத்த தானிய மணமும் ஆல்டர் புகை மணமும். புழுங்கிய வாடை துளியும் இல்லை. பத்தாயம் சுவரோரம், என் நெஞ்சு உயரத்துக்கு, மூடி திறந்து கிடந்தது. என் டார்ச் வெளிச்சத்தில் தானியத் தூசு மிதந்தது. இப்போதுதான் கிளம்பிய தூசு, இன்னும் தரை இறங்கவில்லை. மரத்துடுப்பு சுவரில் அதன் ஆணியில் தொங்கியது. அதன் மேல் ஒட்டடை.

ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். மொறுக்கென்று உடைந்தது. நேற்று காய வைத்து இறக்கியதுபோல.

எந்தச் சரக்கையும் மேலாகப் பார்த்து நம்பக் கூடாது என்பது அப்பாவின் பாடம். மேலே நல்லது இருக்கும், நடுவில்தான் உண்மை இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். மேலே பனிக்காலத்துக் குளிர். ஒரு சாண் இறங்கியதும் வெதுவெதுப்பு. தானியம் கெட்டுச் சூடேறினால் ஈரம் இருக்கும், இது காய்ந்த சூடு. ஒருவர் படுத்து எழுந்த படுக்கையின் சூடு. தோள் வரை விட்டேன்.

ஒரு கை என் கையைப் பிடித்தது.



அது இழுக்கவில்லை. நாள் முழுக்க மூட்டை சுமந்தவன் சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொள்வான் அல்லவா, அப்படிப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, பச்சைச் சதையாக இருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அந்த விரலை வளைத்தவனே நான்தான். அவளுக்கு ஏழு வயதில், கடைத் தானியப் பெட்டியின் மூடியை விளையாட்டாக அவள் கைமேல் அறைந்தேன். அப்பாவிடம் காட்டிக்கொடுக்காமல் நான்கு நாள் கையை மறைத்து வைத்திருந்தாள்.

"தூரித்து" என்றேன்.

கை என்னை விட்டது. தானியத்துக்குள் எங்கோ ஆழத்தில், துடுப்பே இல்லாமல், மறுபடி தொடங்கியது.

சரக்.

சமையலறைக்கு எப்படித் திரும்பினேன் என்று நினைவில்லை. விளக்கைப் போட்டேன். சீவெர்ட் முகத்தை மூடிக்கொண்டான்.

"சாவு சொல்லலையா நீ?"

"மொத நாள் மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன் மச்சான். பெட்டி போயிடுச்சு. மூணாம் நாள், நாலு மணிக்கு, சத்தம் கேட்டுச்சு. அவ எப்பவும் நாலு மணிக்குத்தானே போய்ப் பாப்பா. அதுக்கப்புறம் மறக்கல. சொல்லல."

"ஏன்டா?"

"சொன்னாத்தானே செத்தவளாவா."

நான் என் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். என் உள்ளங்கையில் அவள் ரத்தம் ஈரமாக இருந்தது, அதில் தானியத் தூசு ஒட்டியிருந்தது.

"அவ கை புண்ணாக் கெடக்கு மாப்ளே. அம்பது நாளாப் பொரட்டிக்கிட்டிருக்கா. எப்ப விடுவாங்கன்னு நிக்கறா அந்தப் பொண்ணு. உள்ள போய்ப் பாத்தியா ஒரு தடவையாச்சும்?"

"போகல." அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "போனா நிறுத்திடுவாளோன்னு பயம். இங்கேர்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். நல்லாருக்கான்னு நெனச்சேன். வேலை செய்யறா, நல்லாருக்கான்னு..."



அவன் செய்யமாட்டான் என்று நானே போனேன். துடுப்பை எடுத்து மூன்று முறை தட்டினேன். தூரித் செத்துவிட்டாள் என்று சொன்னேன். முதல்முறையாக அதைச் சத்தமாகச் சொன்னதும் அப்போதுதான், என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு, வாசலில் வந்த ஊர்பேர் தெரியாத விற்பனைக்காரனைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்புவதுபோல, மறுபடி தொடங்கியது. நான் அவள் பிறந்த வீட்டுக்காரன், இந்த வீட்டு ஆள் இல்லை. சந்தையில் என் வாய்ச்சொல்லுக்கு லாரி லாரியாகச் சரக்கு நகரும். அந்தப் பத்தாயத்தில் அது செல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். சீவெர்ட் படிக்குக் கீழே நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டு, பித்தானெல்லாம் மாட்டியிருந்தான்.

"குடுங்க மச்சான்" என்று துடுப்பை வாங்கிக்கொண்டான்.

நான் கதவோரம் நின்றேன். அவன் பத்தாயத்தின் விளிம்பில் கை வைத்து நின்றான். உள்ளே அவள் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் மூன்று முறை தட்டினான். சத்தம் நின்றது. இந்த முறை நின்ற விதமே வேறு. கட்டடமே காது கொடுத்தது.

"ஹெக்வோல் வீட்டுத் தானியமே. இந்த வீட்டுல ஒரு ஆள் செத்துப்போச்சு."

மூச்சு இழுத்தான்.

"சீவெர்ட் செத்துட்டான்."

வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். தவறவில்லை. நிறுத்தி, தெளிவாகச் சொன்னான்.

"உன் எஜமான் சீவெர்ட் செத்துட்டான். வீட்டுக்காரி தூரித் இருக்கா. இனி அவ விதவை. விதவையை வேலை வாங்கக் கூடாது. அவளை உக்கார விடு."

பிறகு கோட்டோடு பத்தாயத்துக்குள் குனிந்து இருநூறு கிலோவையும் அடி மேலாகப் புரட்டினான். அரை மணி நேரம் ஆனது. வியர்வையோடு என்னிடம் வந்தான்.

"அவ செத்தான்னு சொன்னா போயிடுவா மச்சான். நான் செத்தேன்னு சொன்னா, அவ வேலை நின்னுடும். அவளும் இருப்பா."

இரண்டு பக்கமும் லாபம் வருகிற பேரம். ஐம்பது வருடச் சந்தையில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஒன்று கிடையாது என்பதுதான் காரணம். அதை அவனிடம் சொல்ல வாய் திறந்தபோதே அழுகை ஆரம்பித்தது.

முதலில் ஒரு விக்கல்.

பிறகு நீளமாக, அடங்கிய குரலில். தானியத்தின் நடுவிலிருந்து.

அப்பா செத்தபோது தூரித் அப்படித்தான் அழுதாள். பத்தாயத்தின் மேல் மணிகள் மெல்ல அதிர்ந்து, நடுவில் ஒரு குழியாகச் சரிந்தன. சீவெர்ட் ஓடிப்போய் இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

"தூரித்து. இங்கதான் இருக்கேன். இங்க பாரு, நான்தான். சும்மா சொன்னேன். சும்மா சொன்னேன்டி."

கையால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினான். மணிகளைத் தவிர அவன் கையில் எதுவும் படவில்லை. அழுகை நிற்கவில்லை. ஒரு சாண் தள்ளி நின்று கூப்பிடுகிறவனின் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. செத்தவன் குரல் யாருக்குக் கேட்கும்?

நான் ஊருக்குத் திரும்பினேன். ஓடினேன் என்று சொல்வதுதான் நியாயம்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் மால்ஃப்ரித் அக்கா போன் செய்தாள்.

"உன் மச்சினன் காய்ச்ச ஆரம்பிச்சுட்டான் போல. பத்து நாளா பீர்க்கொட்டகையில பொகை."

நெஞ்சில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நடந்ததை அவளிடம் சொன்னேன். பேரத்தைப் பற்றியும் சொன்னேன்.

"விதவைக்கு வேலை இல்லன்னா சொன்னான்? ஒரே ஒரு வேலை உண்டேடா, அத மறந்துட்டானா அந்தக் கிறுக்கன்? புருஷன் சாவுக்குப் பீர் காய்ச்சறது பொண்டாட்டிதான். வேற யாரும் கை வைக்கக் கூடாது." பிறகு தாழ்ந்த குரலில், "அவன் எங்க நெனவு வெச்சிருப்பான். பொண்டாட்டியக் காப்பி குடுத்து அனுப்பினவன்" என்றாள்.

அன்றைக்கே வேனை எடுத்தேன். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சத்தின் கடைசிக் கீற்று இருந்தது. அதனால் பார்த்தேன். வீட்டுக் கதவிலிருந்து கேட் வரை, பனியின் மேல் பச்சைப் பசேலென்று ஸ்ப்ரூஸ் மரத் தழையை நறுக்கித் தூவியிருந்தது. எங்கள் நாட்டில் சவப்பெட்டி போகிற வழியில்தான் அப்படித் தூவுவார்கள்.

அந்தத் தழையை மிதித்துக்கொண்டே ஓடினேன். களஞ்சியத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. பத்தாயம் காலி. மூலைமுடுக்கெல்லாம் துடைப்பத்தால் கூட்டி, ஒரு மணி மிச்சம் இல்லாமல், அடிப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

சீவெர்ட் சமையலறையில் உயிரோடு இருந்தான்.

சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, செத்தவர் நாற்காலியை வைப்பதுபோல. மேஜையில் வெள்ளைத் துணி. அதன் மேல் பீர்க்கலயம், ரொட்டி, ஆட்டுக்கறி, இரண்டு கோப்பை. விருந்தாளிக்கு ஒன்று. வீட்டுக்காரிக்கு ஒன்று.

"உனக்கு எங்க மாப்ளே?"

"எனக்கு வைக்க மாட்டா மச்சான்." கிசுகிசுத்தான். "எங்க உக்காந்தாலும் நாற்காலியத் திருப்பி வெச்சுடறா. மொதல்ல நான் திருப்பித் திருப்பிப் போட்டேன். நேத்திக்கு விட்டுட்டேன்."

"தானியத்துக்கிட்ட போய் மாத்திச் சொல்லு. இப்பவே போ."

"எங்க இருக்கு தானியம்?" என்றான் சீவெர்ட். "எல்லாத்தையும் எனக்குக் காய்ச்சிட்டா."

அடுப்புப் பக்கம் காற்று கொஞ்சம் நகர்ந்தது. ஆல்டர் புகை மணமும் வறுத்த தானிய மணமும் என்னைத் தாண்டிப் போய் எதிர் நாற்காலியில் நின்றன. மேஜைத்துணியின் ஓரத்தை ஏதோ நீவிச் சரிசெய்தது.

"வந்துட்டியாண்ணே."

என் காதோரம், அவள் குரல். அழுது தேய்ந்த குரல்.

"வலி இல்லாமப் போயிட்டாருண்ணே. தூக்கத்துலயேதான் இருக்கும். நான் களஞ்சியத்துல வேலையா இருந்துட்டேன். பக்கத்துல இல்லாமப் போயிட்டேன்."

நான் சீவெர்ட்டைப் பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சொல்லாதீர்கள். எதையும் சொல்லாதீர்கள்.

"இருநூறு கிலோவையும் போட்டுட்டேன். அவருக்கு எதுக்கு மிச்சம் வைக்கணும், சொல்லு."

கலயம் சாய்ந்தது. என் கோப்பையில் பீர் இறங்கியது. வாழ்நாளில் எத்தனையோ பொய்க்குத் தலையாட்டியிருக்கிறேன், எல்லாவற்றிலும் எனக்கு ஏதாவது லாபம் இருந்தது.

"நல்லது பண்ணினம்மா" என்றேன்.

சாவுக்கு வந்தவர்கள் செத்தவர் பெயரைச் சொல்லித்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். சீவெர்ட்டின் பெயரைச் சொன்னேன், சீவெர்ட்டின் கண்ணைப் பார்த்துக்கொண்டே. அவள் வைத்த மால்ட்டில் அவள் காய்ச்சியதுதான். அவ்வளவு நல்ல பீரை நான் குடித்ததில்லை. ஆனால் அடித்தொண்டையில் உப்புக் கரித்தது.

"ஆகஸ்டுல பார்லி அனுப்பிடுண்ணே. பத்தாயம் காலியாக் கெடந்தா வீடு வீடா இருக்காது."

சீவெர்ட் வேன் வரைக்கும் வந்தான். தழையின் மேல் நடக்காமல், ஓரமாகப் பனியில் நடந்து வந்தான்.

"பார்லி அனுப்பாதீங்க மச்சான்."

"அனுப்பினாத்தானே உண்மையச் சொல்ல முடியும்? இப்படியே எத்தனை நாளு?"

"சொன்னா அவ போயிடுவா."

"இப்ப மட்டும் என்னடா கிடைக்குது உனக்கு?"

"ராத்திரி பக்கத்துல படுத்துக்கறேன். என் போர்வைய மடிச்சு எடுத்து வெச்சுடறா, குளிருது. பரவால்ல. விடியற வரைக்கும் அழறா." அவன் முகத்தில் வெட்கம்போல ஒன்று வந்து போனது. "என்னை நெனச்சு அழறா மச்சான். எத்தனை பேருக்கு அதைக் கேக்கற பாக்கியம் இருக்கும்?"

நான் அனுப்பவில்லை.

ஆகஸ்ட் மாதம் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. தூரித்தின் சாய்ந்த கையெழுத்து, நீல மையில். நல்லாக் காய்ந்த பார்லி நாலு மூட்டை, முன்போலவே. கீழே: 'தூரித், சீவெர்ட்டின் விதவை.' அதற்கும் கீழே, தாளின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு வரி. அது சீவெர்ட்டின் கோழிக்கிறுக்கல். 'அனுப்பாதீங்க மச்சான்.'

அடுத்த ஆகஸ்டிலும் வந்தது. அதற்கடுத்த ஆகஸ்டிலும். ஒன்பது வருடம் வந்தது, ஒன்பது வருடமும் அந்தப் பென்சில் வரி இருந்தது. சீவெர்ட்டை யாராவது பார்த்ததாகச் சொல்வார்கள், இளைத்துவிட்டான் என்பார்கள், சிரிக்கிறான் என்பார்கள். நான் மட்டும் போகவில்லை. ஒரு வியாபாரி ஒன்பது வருடம் தேடி வந்த ஆர்டரைக் கிடப்பில் போட்டான் என்றால் எங்கள் அப்பா கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்.

இந்த வருடக் கடிதம் நேற்று காலை வந்தது.

அதே நீல மை, அதே சாய்ந்த எழுத்து, அதே நாலு மூட்டை. ஓரத்தைப் பார்த்தேன். பென்சில் வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், உறையைக் கிழித்து விரித்துப் பார்த்தேன். எங்கும் இல்லை. கீழே விதவை என்கிற சொல்லும் இல்லை. அங்கே தூரித், சீவெர்ட் என்று இரண்டு பெயர்கள், ஒரே கையெழுத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

பண்ணைக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை மணி அடித்ததும் யாரோ எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. வைத்துவிட்டேன்.

நாலு மூட்டையையும் கடித்துப் பார்த்து, நானே வேனில் ஏற்றியிருக்கிறேன். தானியம் போய்ச் சேர்ந்ததும் அதனிடம் சொல்ல வேண்டிய சாவைச் சொல்ல, அந்த வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். உயிரோடு அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.